திருகாணியில் கால் சுற்று

உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்கள் ஐயா, துடைத்துத் தருகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடியில் விரல் அடையாளம் இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. முப்பது வருஷத் தொழில் கொடுத்த கெட்ட பழக்கம். நீங்கள் சட்டை நுனியால் துடைக்கிறவர் என்று தெரிகிறது. கோடு கோடாக விழுந்திருக்கிறது பாருங்கள். வாயால் லேசாக ஊதி, துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துணியால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தக் கூடாது. ஆயிற்று, போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வந்தது அந்த லாரி டிரைவர் விஷயமாக. நாலு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் தப்பில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தார், பிரேக்கும் போட்டார். ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்பு இன்னும் இருக்கிறது, நேற்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பாவமும் அறியாத மனுஷன் கம்பி எண்ணுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

லாரியில் அடிபட்டுச் செத்தவன் என் கூடப்பிறந்த தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். எங்கள் ஸ்டூடியோவின் முன்பாதி அவனுடையது, பின்பாதி என்னுடையது. அவன் படம் எடுப்பான்; நான் பிலிம் கழுவுவேன், பிரிண்ட் போடுவேன், ஊரில் யாருடைய கேமரா மக்கர் பண்ணினாலும் பிரித்துச் சரி செய்வேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஆகி மூன்று வருஷம். தம்பி மனைவி தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே உலைச் சோறு சாப்பிட்டோம்.

அம்மா போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். வாயால் சொல்லவில்லை. அப்போது அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனால் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது, அதைப் பார்த்திருக்கலாம் என்று தம்பி ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

தம்பியின் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. இதோ, எடுத்து வந்திருக்கிறேன். மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் வில்லும்தான். இந்த வகையில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். புதுசாக வாங்கியவர்கள் முதல் பிலிமை அப்படித்தான் பாழ் பண்ணுவார்கள். ஜன்னலுக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதில் எதிரே இருப்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, படம் தெளிவாக விழும். அதற்காக உள்ளே ஒரு நெம்புகோலும், அதைச் சரிப்படுத்த ஒரு திருகாணியும் உண்டு. உளுந்து அளவுகூட இருக்காது. அதைக் கால் சுற்று திருப்பிவிட்டால் வட்டத்தில் இரண்டு முகமும் அழகாக ஒன்றாகும், படத்தில் மட்டும் முகம் கலங்கிப்போகும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம் தம்பிக்கு ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. கடல் தாண்டிப் போகிற வேலை. மூன்று வருஷ ஒப்பந்தம், மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு மாதத்துக்குள் பத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்; இருட்டான கூடத்துக்குள் வேலை செய்கிற மனிதர்களின் படம், பிளாஷ் போடாமல். ரயில் எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகைக்குள் போக அவன் அனுமதி வாங்கினான். இந்தக் கேமராவுக்குச் சத்தமே கிடையாது, அதனால் அந்த மாதிரி இடத்துக்கு இதைத்தான் எடுத்துப் போவான்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினான். "அண்ணா, நீங்க இல்லாம அங்க போய் நான் என்ன பண்ணப் போறேன்? கேமரா மக்கர் பண்ணினா யார்கிட்ட போய் அழுவேன்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் யோசித்துப் பாருங்கள், மனசில் இல்லாதது வாயில் வருமா. அவனுக்குப் போக இஷ்டமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை அவனாலே வெளியே சொல்ல முடியாது, மனைவிக்காக ஒத்துக்கொள்கிறான். மூத்தவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்.

அன்று சாயங்காலம் திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன். பத்துப் படம் சரியாக வராது, பத்திரிகைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், விஷயம் முடிந்தது. அவ்வளவுதான் நான் நினைத்தது. ஒரு மாதத்துக் காரியம்.

வெயிலில் எடுத்த படங்கள் எப்போதும்போல நன்றாகவே வந்தன. வெயிலில் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கிவிடலாம், அப்போது முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழும், சின்னத் தப்பு மறைந்துபோகும். கொட்டகைக்குள் துவாரத்தை முழுக்கத் திறக்க வேண்டியிருக்கும். அங்கே நூலிழை பிசகினாலும் போச்சு. முதல் பிலிமைக் கழுவித் தொங்கவிட்டபோது அவன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். கொல்லர் ஒருவரின் முகத்தைக் குறி வைத்திருந்தான். அவருக்குப் பின்னால் தொங்கிய சங்கிலி கண்ணி கண்ணியாகத் தெரிந்தது, முகம் பஞ்சாக இருந்தது.

"கேமரா பிசகியிருக்குமோ அண்ணா?" என்று கேட்டான். நல்ல தொழில்காரன், அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா. வாங்கி மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். "கேமரா சரியாத்தாண்டா இருக்கு" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக அவன் மனைவியை அடுக்களைக் கதவோரம் நிற்க வைத்து இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு படம் எடுத்தோம். அதே கேமரா, அதே இடம், அதே வெளிச்சம். அவன் எடுத்தது கலங்கலாக வந்தது. நான் எடுத்ததில் அவள் கண்ணிமை மயிரை எண்ணலாம். நான் வட்டத்தைப் பார்க்கவில்லை, லென்ஸ் வளையத்தின்மேல் எழுதியிருக்கும் அடிக் கணக்கைப் பார்த்து வைத்தேன், அந்தக் கணக்கைத் திருகாணி தொடாது. அவன் இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான்.

தினமும் ஒரே பக்கமாகத் தப்பினால் மறுபடியும் கேமராமேல்தான் சந்தேகம் போகும். அதனால் ஒரு வாரம் தெளிவு ஆளுக்குப் பின்னால் விழும்படி வைத்தேன், ஒரு வாரம் முன்னால், நடுவே இரண்டு நாள் சரியாக. கண் கெடும்போது அப்படித்தானே ஆகும், ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல். வேலையை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு இருக்கிற பெரிய கேமராவும் நாற்காலியும் தரையோடு அடித்து வைத்தவை, அங்கே தூரம் பார்க்கிற வேலையே இல்லை. ஆகவே அங்கே ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கெடு முடிந்தது. பத்திரிகைக்கு அவன் எதுவும் அனுப்பவில்லை. "கொஞ்சம் உடம்பு சரியில்லை, ஆறு மாதம் பொறுக்க முடியுமா" என்று எழுதிப்போட்டான். அவர்கள் பொறுக்கிறோம் என்று பதில் போட்டுவிட்டார்கள். அது நான் எதிர்பாராதது. அந்த இடத்தில் அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் நானும் திருகாணியைப் பழையபடி வைத்திருப்பேன், இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் நான் யார்மேலும் பழி போடவில்லை.

தெருமுனைக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். "கழுகுக் கண்ணு உங்களுக்கு. போய் நல்லாத் தூங்குங்க" என்றார் டாக்டர். தம்பி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "குடையை மறந்துட்டேண்டா" என்று நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். டாக்டரின் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது தம்பி என் முகத்தையே பார்த்தான்.

"என்னண்ணா சொன்னார்?"

"ஒண்ணுமில்லடா."

"சொல்லுங்கண்ணா. நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. வா, போலாம்."

கவனித்துக்கொள்ளுங்கள், நான் பொய் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில், "அவகிட்ட சொல்லாதீங்கண்ணா" என்றான். சரி என்றேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் கொட்டகைக்குள் நானும் கூடப் போனேன். படம் எடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்க வேண்டும். கைக்கு அடக்கமாக ஒரு கருவி, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும், அந்த எண்ணுக்குத் தகுந்தபடி துவாரமும் வேகமும் வைக்க வேண்டும். அவன் அளந்துவிட்டு, "பதினொண்ணு தானே அண்ணா?" என்று என்னிடம் நீட்டினான். நான் எட்டிப் பார்த்து, "ஒன்பது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவன் கருவியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், மறுபடியும் பக்கத்தில் கொண்டுபோனான். அப்புறம், "ஆமா, ஒன்பதுதான்" என்றான்.

முள் பதினொன்றில்தான் நின்றது. அன்று நான் திருகாணியைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகும் அவன் இருந்தவரை தொடவில்லை, தேவைப்படவில்லை. சொன்னாலே போதுமாக இருந்தது.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நான் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. சைக்கிள் ஓட்டுவதை அவனாகவே நிறுத்தினான். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டு ஊற்றினான். படியிறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டான். கேமராவைத் துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்துவிட்டு, "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். தம்பி மனைவியிடம் அவனே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அவள் ஒரு வாரம் அழுதாள், அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினாள்.

எனக்கு அந்த மாதங்கள் சந்தோஷமாக இருந்தன. இதைச் சொல்ல வெட்கப்பட மாட்டேன். கடைக்குப் போனாலும் முடி வெட்டப் போனாலும் அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பிடித்துக்கொள்வானே, அதே பிடி. வழியில் எதிரே வருகிறவர் யார், கடை திறந்திருக்கிறதா, மணி எத்தனை, எல்லாம் என்னைத்தான் கேட்பான். தானாகத் தெரிந்தாலும் கேட்பான், நான் சொன்ன பிறகுதான் நம்புவான். தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான் என்று சொல்லிவைத்தார்கள். அண்ணன் உள்ளவனுக்கு எதுவுமே பயமில்லை என்று எனக்குத் தோன்றும்.

தம்பி மனைவிதான் பெரிய கண் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். எனக்குத் தெரியாமல் வாங்கி, ஒரு நாள் முன்னால் சோறு போடும்போது சொன்னாள். "ஒரு மணி நேரம் மெஷின்ல வச்சுப் பார்ப்பாங்களாம் மாமா. கண்ணுக்குள்ள நரம்பு வரைக்கும் தெரியுமாம். என்ன ஏதுன்னு பேப்பர்ல எழுதி இவர் கையிலயே குடுத்துடுவாங்க. யாரும் வந்து நடுவுல சொல்ல வேண்டாம்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தம்பி, "அண்ணன் கூட வரட்டும், எனக்கு ரோடு தாண்டப் பயமா இருக்கு" என்றான். அவளுக்கு ஆபீஸில் அரைநாள்தான் லீவு கிடைத்தது, மத்தியானம் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

காலையில் அவன் சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கடைப் பலகைகளை உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தப்பில்லை. பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அண்ணா, இன்னிக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. ஒருவேளை சரியாயிருக்குமோ?" என்றான். அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பத்திரிகைக் கடிதம் வந்த அன்று இருந்த அதே முகம். ஆறு மாதம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது.

பஸ் நின்றது இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். அகலமான ரோடு, நடுவில் மேடு கிடையாது. சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி வலது பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ரோட்டைப் பார்த்தேன், ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தேன், ஒரு மணி நேரம் கழித்து அவன் கையில் இருக்கப்போகிற பேப்பரை நினைத்துக்கொண்டேன்.

"அந்த லாரி கிட்ட வந்துடுச்சு போல இருக்கேண்ணா."

"தூரத்துலதான் இருக்கு. உனக்கு அப்படித் தெரியுது."

அவன் லாரியை மறுபடி பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். "வேகமா வர்ற மாதிரி..." என்று இழுத்தான்.

"நான் சொல்றேன்ல. போ, நான் பின்னாலயே வர்றேன்."

முழங்கையை விட்டான். இரண்டு எட்டு வைத்ததும் முதல் ஹாரன். அவன் நின்றான். லாரியைப் பார்க்கவில்லை ஐயா, என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், போ என்று. அவன் போனான்.

இதுதான் நடந்தது. டிரைவரை விட்டுவிடுங்கள். தம்பியின் இரண்டு கண்ணிலும் எந்தக் குறையும் இருக்கவில்லை, தெருமுனை டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். லாரி எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் போகச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளலாம். திருகாணியை முந்தாநாள் சரியாக வைத்துவிட்டேன், இனிமேல் யார் எடுத்தாலும் படம் தெளிவாக விழும்.

ஒரே ஒரு வருத்தம்தான். ஆஸ்பத்திரி வாசலில் தம்பி மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவரைத் தனியா ரோட்டுல விட்டுட்டீங்களா மாமா" என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டுவிட்டாள். அது நியாயமான கேள்வியா, நீங்களே சொல்லுங்கள். அவனுக்குக் கண் இருந்த நிலைமையில், நான் அவனைத் தனியாக விடுவேனா.